இருபத்து மூன்று ஃப்ரேம்

அறுபது வினாடி போதும் என்றார் குவார்ஷி.
அறுபத்தொன்று ஆனால் பணம் இல்லை.
சனிக்கிழமை இரவு புகோமில் சண்டை.
வியாழன் மாலைக்குள் அக்ரா முழுக்க
ஒவ்வொரு போனிலும் அது குத்த வேண்டும்.

என் ஸ்டுடியோ ஒரு பழைய கப்பல் கன்டெய்னர்.
இடப்பக்கம் முடிவெட்டும் கடை,
வலப்பக்கம் மீன் பொரிக்கிறார்கள்.
ஹார்டு டிஸ்க்கிலும் எண்ணெய் வாடை.

ஒடார்டேவைப் பற்றிக் கவலை இல்லை.
இந்தத் தெருப் பையன்,
எந்த மூலையில் நிறுத்தினாலும்
வெளிச்சம் அவனைத் தேடிக்கொண்டு வரும்.
படகுகளுக்கு நடுவே ஓடுகிறான்.
லாரி டயரைச் சம்மட்டியால் அடிக்கிறான்.
வெட்டி, ஒட்டி, மேலே ஒரு முரசு.
முடிந்தது.

மற்றவன்தான் சிக்கல்.
கோசி அஜாவோன், லோமே, வயது முப்பத்தொன்பது.
வென்றது ஒன்பது.
தோற்றதைப் போடாதே என்றார் குவார்ஷி.
"விழப்போகிறவனைப் பார்க்க
எவன் டிக்கெட் வாங்குவான்?
பயங்கரமாக்கு அவனை, நா கோர்கோய்.
அதற்குத்தானே உனக்குக் காசு."

வந்தது மூன்று கிளிப்.
மூன்றும் கூட்டத்தில் யாரோ போனில் எடுத்தவை.
மூன்றிலும் விழுகிறான்.
ஒன்றில் பக்கவாட்டில்.
ஒன்றில், நெடுநேரம் நின்று வந்தவனுக்கு
பஸ்ஸில் இடம் கிடைத்த மாதிரி
அப்படியே உட்கார்ந்துவிடுகிறான்.
ஒன்றில் முகம் குப்புற.

குத்துச் சத்தம் என்னிடம் நிறைய உண்டு.
ஈரத் துண்டைச் சுவரில் அறைந்தது,
முட்டைக்கோஸைக் கட்டையால் பிளந்தது.
நிஜக் குத்துக்கு அவ்வளவு சத்தம் கிடையாது.
பக்கத்து அறையில் யாரோ
கதவைச் சாத்தினாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

இரவு பதினொன்று. கரண்ட் போய் வந்தது.
தூக்கத்தில் வேறெதையோ அழுத்தியிருக்கிறேன்.
மூன்றாவது கிளிப் பின்னோக்கி ஓடியது.

நடுவர் தான் எண்ணியதையெல்லாம் விழுங்குகிறார்.
குப்புறக் கிடந்தவன்
தரையிலிருந்து உரிந்து எழுகிறான்.
பல் கவசம் பறந்து வந்து வாய்க்குள் புகுகிறது.
வியர்வைத் துளிகள் காற்றில் கூடி
ஒவ்வொன்றாய் அவன் தலைக்குத் திரும்புகின்றன.
தாடையில் பதிந்திருந்த கையுறை
சூடு பட்டதுபோல் பின்வாங்குகிறது.
ஊரே நின்றுகொண்டிருந்தது,
உட்காருகிறது.

இருபத்து மூன்று ஃப்ரேம் எடுத்துக்கொண்டேன்.
அதற்கு மேல் போனால் குட்டு வெளிப்படும்:
கயிற்றோரம் ஒருவன் வாயிலிருந்து
பியர் தம்ளருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
நிறத்தை உறிஞ்சினேன், வேகத்தைப் பாதியாக்கினேன்,
பெயரைச் சிவப்பில் போட்டேன்.
"இவனா?" என்று போனில் கத்தினார் குவார்ஷி.
"இவனுக்கு இன்னும் கொடுத்திருக்கலாமே நான்!"
கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எடை பார்க்க வந்தவன்
விசாரித்து விசாரித்துக் கடைக்கே வந்துவிட்டான்.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.
அவனுடைய பிரெஞ்சு, என்னுடைய கா,
நடுவில் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம்.

மூன்று முறை பார்த்தான்.
நாலாவது முறை சரியாக அந்த இடத்தில் நிறுத்தினான்.
"இது கோட்டோனு."
"ஆமாம்."
"அன்று நான் எழவில்லை.
தூக்கிக்கொண்டுதான் போனார்கள்."

பக்கத்தில் மீன் பொரிந்தது.
எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
அதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று,
எடுக்க முடியாது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

அவன் தன் போனை நீட்டினான்,
திரை முழுக்க விரிசல்.
மகளுக்கு அனுப்ப வேண்டுமாம்.
முழுசும் வேண்டாம்,
அந்தத் துண்டு மட்டும்.

வீங்கிய விரல் ஒவ்வொரு முறையும்
இரண்டு எண்களைச் சேர்த்தே தொட்டது.
கடைசியில் நம்பரை வாயால் சொன்னான்.
நான் அனுப்பினேன்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

மின்விசிறி மெல்ல நின்றது.
கன்டெய்னர் சுட ஆரம்பித்தது.
நாளைக்கு எத்தனையாவது ரவுண்டில் என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
அவன் எழுந்திருக்க இன்னும்
முப்பத்தெட்டு சதவீதம் பாக்கி.